"நிமிர்ந்து நில்லு"ன்னு திட்டினா நிமிர முடியுமா?

(சீயமங்கலத்தில் கூடிய கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வசூல், வங்கி என்றுதான் பேசுவோம். இன்றைக்கும் வங்கியில் இருந்துதான் ஆரம்பிக்கிறோம். ஒரு கையெழுத்தைப் பற்றிய விஷயம் இது.

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு. எந்தக் குழு, யாரு என்று சொல்ல மாட்டோம். சம்பந்தப்பட்ட அக்கா "என் கதையைச் சொல்லுங்க, பேரைச் சொல்லாதீங்க" என்று அனுமதி கொடுத்திருக்காங்க. அவங்க அந்தக் குழுவில் பிரதிநிதி. பணம் எடுக்கப் போன இடத்தில் வங்கியில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கையெழுத்து பொருந்தவில்லையாம். மறுபடியும் போட்டாங்க, மறுபடியும் திருப்பினாங்க. கடன் வாங்கக் காத்திருந்த உறுப்பினர்களுக்குக் கோபம். "ஒரு கையெழுத்தை ஒழுங்கா போடத் தெரியாதா, எட்டாவது வரைக்கும் படிச்சவதானே" என்று குழுவில் ஒரே சத்தம்.

பஞ்சாயத்து பண்ண நாங்கள் போனோம். தீர்மானப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினோம். ரெண்டு வருஷத்துக் கையெழுத்து வரிசையாக இருக்கு. முதலில் பெரிசு பெரிசாக, சுழிச்சு விட்ட கையெழுத்து. அப்புறம் மாசத்துக்கு மாசம் சிறுத்துக்கிட்டே வருது. கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, ஆரம்ப எழுத்தை விடக் கடைசி எழுத்து இன்னும் பொடிசு. அப்போதுதான் நிமிர்ந்து அந்த அக்காவை ஒழுங்காகப் பார்த்தோம். உடம்பு முன்னால் சாய்ந்து, முழங்கை மடங்கி, முழங்கால் லேசாக மடங்கி உட்கார்ந்திருந்தாங்க. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அதைப் பார்த்துட்டுத்தான் குழுவில் சிலபேர் "மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கா" என்று சொல்லிக்கிட்டிருந்தாங்க.

முதுகு எப்போதிருந்து இப்படி என்று கேட்டால், வீட்டில் ஆளுக்கு ஒரு பதில். "நாத்து நட்டு, மல்லாட்டை புடுங்கி, குனிஞ்சே கெடந்த ஒடம்பு, வளையாம என்ன பண்ணும்" என்றார் வீட்டுக்காரர். "நிமிர்ந்து நடக்கணும்னு நெனப்பே கெடயாது எங்க அத்தைக்கு, நாங்க சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப் போச்சி" என்றாங்க மருமகள். மருமகளைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. அதற்கு ஆறு மாசம் முன்னால் குழு போட்டோ எடுக்கும்போது நாங்களே "அக்கா, கொஞ்சம் நிமிருங்க" என்று மூணு தடவை சொன்னவங்கதான். மாசம் தவறாமல் வந்துபோன எங்களுக்கே அது கண்ணில் படவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், நரம்பு டாக்டரைப் பார்த்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது. பார்கின்சன் நோய். நம்ம சித்த வைத்தியத்தில் நடுக்குவாதம் என்பார்கள்.

பார்கின்சன் என்பது ஒரு ஆளுடைய பெயர். ஜேம்ஸ் பார்கின்சன் என்று இலண்டனில் ஒரு டாக்டர். 1817-ஆம் வருஷம் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விவரமாக எழுதினார். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 11-ஐத்தான் உலகப் பார்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர் எழுதியது வெறும் ஆறு பேரை வைத்து. அந்த ஆறு பேரிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே இல்லை, தெருவில் நடந்து போகும்போது அவர் கவனித்தவர்கள். உடம்பு முன்னால் வளைவதையும், நடக்க நடக்கக் கால் ஓட்டமாக மாறுவதையும் அவர் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். நாமும் வீடு வீடாகப் போகிறவர்கள்தானே. தெருவில் பார்த்தே சந்தேகப்படக்கூடிய நோய் இது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

இந்த நோயில் என்ன ஆகிறது? மூளையின் நடுவில் கறுத்த நிறத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் டோபமின் என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தவுடன் கை எழும்புவதற்கும், நடக்கும்போது கை தானாக வீசுவதற்கும், முகம் சிரிப்பதற்கும் இந்த டோபமின் வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்போது டோபமின் குறைகிறது. உடம்பு மெதுவாகிப் போகிறது. தசை விறைக்கிறது. பாதிப் பேருக்கு மேல் கை நடுங்கும், அதுவும் சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்கும். ஆனால் நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும், அந்த அக்காவுக்கு நடுக்கம் இல்லை. அதனால்தான் யாருக்கும் தோணவில்லை.

இப்போ முதுகு வளைவதற்கு வருவோம். உடம்பை முன்னால் மடக்குகிற தசையும் பின்னால் நிமிர்த்துகிற தசையும் ஏற்றக்கோலின் ரெண்டு பக்கம் மாதிரி. ஒன்று விறைத்து இழுத்து, இன்னொன்று தளர்ந்து போனால் உடம்பு முன்னால் விழுகிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கவனமாகக் கேளுங்க, ஏன்னா இது தெரியாமல்தான் வீட்டில் சண்டை வருகிறது. "நான் இப்போ நேராக நிற்கிறேன்" என்று மூளைக்குத் தெரிய வேண்டும் இல்லையா, அந்தக் கணக்கே இந்த நோயில் தவறிப் போகிறது. வளைந்து நிற்கும்போதே தான் நேராக நிற்பதாக அவங்களுக்குத் தோணும். அந்த அக்கா எங்களிடம் சொன்னது இதுதான்: "நான் நேராத்தானே நிக்கிறேன், ஏன் எல்லாரும் என்னையே சொல்றீங்க?" அவங்க வேண்டுமென்றே செய்யவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் "கோலம் கோணலா இருக்கு பாரு" என்று திட்டுவதற்கும், இவங்களை "நிமிர்ந்து நில்லு" என்று திட்டுவதற்கும் வித்தியாசம் இல்லை.

அப்போ யார் சொன்னால் அவங்களுக்குத் தெரியும்? சுவர் சொன்னால் தெரியும். தூண் சொன்னால் தெரியும். நம்ம சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் குடைந்த கோயிலில் சாமிக்குப் பேரே தூணாண்டார். தூணுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்குத் தூணைக் காட்டி வைத்தியம் சொல்வது சுலபம்தான்.

எப்படிச் செய்வது? மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு கொஞ்சம் இளகி இருக்கும் நேரமாகப் பாருங்க. சுவரில் முதுகு வைத்து நிற்க வையுங்க. குதிகால், புட்டம், ரெண்டு தோள், முடிந்தால் பின்னந்தலை, இவையெல்லாம் சுவரில் படணும். தலை படவில்லையா, பரவாயில்லை, ஒரு துண்டை மடித்துத் தலைக்கும் சுவருக்கும் நடுவில் வையுங்க. பிடித்துத் தள்ளி ஒட்ட வைக்கக் கூடாது, வயசான எலும்பு பொறுக்காது. அப்படியே ரெண்டு நிமிஷம் நின்று, மூச்சை நன்றாக இழுத்து விட்டால் போதும். நாளைக்கு மூணு நாலு தடவை. பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் நிற்கணும். நாள் போகப் போகச் சுவரைப் பார்த்து நின்று ரெண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்து மேலே மேலே ஏற்றச் சொல்லலாம், முறத்தை ஆணியில் மாட்டுகிற உயரத்துக்குக் கை போகட்டும். நிலைப்படியில் ரெண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு நெஞ்சை மெதுவாக முன்னால் கொண்டுபோவதும் நல்லது, மடங்கிக் கிடக்கிற நெஞ்சுத் தசை விரியும்.

பகலில் ஒரு வேளையாவது கால் மணி நேரம் பாய் விரித்து, இல்லையென்றால் பலகைக் கட்டிலில், மல்லாந்து படுக்கச் சொல்லுங்க. தலையணை ஒன்றுக்கு மேல் வேண்டாம், முடிந்தால் மடித்த புடவை போதும். கயிற்றுக் கட்டில் தொட்டில் மாதிரி தொங்கினால் முதுகு இன்னும் வளையும். கயிற்றை இழுத்துக் கட்டுங்க, இல்லை மேலே ஒரு பலகை போடுங்க.

படுக்கிற விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்கணும். பார்கின்சனால் வருகிற கூன், நிற்கும்போதும் நடக்கும்போதும் அதிகமாகும், மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். படுத்தாலும் முதுகு நேராகாமல் வளைந்தே இருக்கிறதா, முதுகெலும்பில் ஒரு இடத்தைத் தொட்டால் வலி உயிர் போகிறதா, திடீரென்று உயரம் குறைந்த மாதிரி இருக்கிறதா, அது எலும்பு தேய்ந்து நொறுங்கியதாக இருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அது நிறைய வரும். அதற்கு வைத்தியம் வேறு. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் இந்த வித்தியாசத்தை வைத்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்வதற்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளணும். நாற்று நட்டதால்தான் எல்லாக் கூனும் வந்தது என்று நினைப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுவோம்.

அடுத்தது நடை. கூன் விழுந்த உடம்பின் பாரம் முன்னால் போகும், கால் அதைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடும், பொடி எட்டாக வைத்து வைத்து ஒரு கட்டத்தில் ஆள் குப்புற விழுவார். சில நேரம் இதற்கு நேர்மாறாக, வாசல்படிக்குப் பக்கத்தில் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? "வா வா" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். உடம்பு மேலே வரும், கால் வராது. விழுந்துவிடுவார்கள். அந்த அக்கா ரெண்டாவது தடவை விழுந்தது இப்படித்தான், மகன் ஆசையாகக் கையைப் பிடித்து இழுத்ததில். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஒன்றரை மாசம் கட்டு.

கால் ஒட்டிக்கொண்டால் முதலில் நிற்க விடுங்க. அவசரப்படுத்தாதீங்க. உடம்புப் பாரத்தை இடது காலுக்கும் வலது காலுக்கும் ரெண்டு மூணு தடவை மாற்றச் சொல்லுங்க, தொட்டில் ஆடுவது மாதிரி. பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, ஒரு பெரிய எட்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. தரையில் குறுக்கே கோடு போட்டால், அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குக் கால் எழும்பும். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. தானாக நடக்கிற வழி மூளையில் அடைபட்டுப் போனாலும், கண்ணால் பார்த்துத் தாண்டுகிற வழி திறந்தே இருக்கிறது. கட்டிலில் இருந்து கழிவறை வரைக்கும் ஒரு எட்டுக்கு ஒரு கோடு சாக்பீஸால் போட்டுப் பாருங்க. பலன் இருந்தால் பிறகு பெயிண்ட்டால் போட்டுக்கொள்ளலாம். வாசலில் கோலமாவு போதும், வீட்டுக்குள் கோலமாவு வேண்டாம், ஈரக்காலில் வழுக்கும். தாளம் போட்டாலும் கால் வரும். நடவுப் பாட்டு தெரிந்தவர்கள் பாடிக்கொண்டே கூட நடந்து பாருங்க, அந்த அக்காவுக்குக் கோட்டை விட பாட்டுத்தான் பிடித்தது.

திரும்பும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பக் கூடாது. தேர் தெருமுனையில் திரும்புவது மாதிரி அகலமாகச் சுற்றி வரணும். கையில் குடம், தோளில் பேரப்பிள்ளை என்று எதையும் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. நடக்கும்போது பின்னால் இருந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது.

கோல் கொடுப்பதிலும் நாம் தப்பு பண்ணுகிறோம். தாத்தா விட்டுப்போன குட்டைக் கோலை எடுத்துக் கொடுத்தால் குனிந்த உடம்பு இன்னும் குனியும். ஆளை முடிந்தவரை நேராக நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் பிடி இருக்கணும். நாலு கால் வாக்கர் சிலருக்கு உதவும், சிலருக்குத் தூக்கித் தூக்கி வைப்பதிலேயே கால் ஒட்டிக்கொள்ளும். காசு போட்டு வாங்குவதற்கு முன்னால் இயன்முறை சிகிச்சை செய்கிறவரிடம் கேளுங்க.

சாப்பாடு. தரையில் தட்டை வைத்தால் கழுத்து மடங்கி, சோறு புரையேறும். நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஸ்டூல் மேல் தட்டை உயர்த்தி வையுங்க. படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விட்டால் சளிக்காய்ச்சலாகி ஆளையே கொண்டுபோய்விடும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். எழும்பும்போது நாற்காலியின் முன் ஓரத்துக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேல் வருகிற மாதிரி முன்னால் சாய்ந்து, எண்ணி எழும்பணும். படுத்து எழும்புகிறவர்கள் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிறகுதான் நிற்கணும். இந்த நோயில் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்டீங்க. லெவோடோபா என்பதுதான் இதற்கு முக்கியமான மருந்து, கார்பிடோபாவோடு சேர்த்து வரும். சின்டோபா என்ற பெயரில் பலபேர் பார்த்திருப்பீங்க. இந்த மருந்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. காட்டோரத்தில் படர்ந்து கிடக்கிற பூனைக்காலி, காய் பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதன் விதையில் லெவோடோபா இருக்கிறது என்று 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற ரெண்டு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். முப்பது வருஷம் கழித்து, 1967-ல்தான் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற டாக்டர் லெவோடோபாவை அளவு கூட்டிக் கொடுத்துப் பார்கின்சன் நோயாளிகளை நடக்க வைத்தார். இதைக் கேட்டுவிட்டு யாரும் பூனைக்காலி விதையைப் பொடித்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீங்க. உள்ளே இருப்பது அதே மருந்து, அளவு மீறினால் வாந்தி வரும், உடம்பு தானாக முறுக்கி ஆடும், மனக்குழப்பம் வரும். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்க.

மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கணும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுப்பது நல்லது. பருப்பு, முட்டை, கறியோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. இரும்புச்சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் கொடுக்க வேண்டாம். ஊருக்குப் போகிறோம், மாத்திரை தீர்ந்துபோச்சு என்று திடீரென்று நிறுத்தவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். விறைப்பும் மெதுவும் இந்த மாத்திரைக்குக் குறையும் அளவுக்குக் கூன் குறையாது. அதனால்தான் இவ்வளவு நேரம் சுவர், தூண், கோடு என்று பேசினோம். இந்த நோயை அடியோடு போக்குகிற மருந்து இன்றுவரை இல்லை. "ஒரு மண்டலத்தில் கூன் நிமிர்த்துகிறோம்" என்று வண்டியில் வந்து தைலம் விற்கிறவர்களிடம் குழுவில் கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டாதீங்க. போன வருஷம் கொட்டினவர்களை எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளையும், மனநோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகளையும் நாள்கணக்காகச் சாப்பிட்டால், இதே மாதிரி விறைப்பும் நடுக்கமும் வரும். ஒரு பக்கமாகத் திடீரென்று உடம்பு சாய ஆரம்பித்தாலும் புது மாத்திரை காரணமாக இருக்கலாம். நாமாக நிறுத்தக் கூடாது. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்க, அவர் பார்த்துச் சொல்லட்டும்.

இந்த நோய் தொத்து நோய் இல்லை. காத்து கருப்பும் இல்லை, முன்ஜென்மப் பாவமும் இல்லை. ஏன் வருகிறது என்பது முழுசாகத் தெரியவில்லை. பூச்சிமருந்தோடு அதிகம் புழங்குகிறவர்களுக்கு வருகிற வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இவருக்கு இதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் மருந்து அடிக்கிறவர்கள் கையுறையும் முகத்துணியும் போடாமல் அடிக்கக் கூடாது, கலக்கின குடத்தில் தண்ணி பிடிக்கக் கூடாது.

இதைப் பெண்கள் கூட்டத்தில் ஏன் இவ்வளவு நீட்டிப் பேசுகிறோம் என்றால், இந்த நோய் பெண்களை விட ஆண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. ஆனால் யாருக்கு வந்தாலும் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி விடுகிறவள் மனைவி, மகள், மருமகள். பார்த்துக்கொள்கிறவளுடைய முதுகை யார் பார்ப்பது? ஆளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீங்க, அவர் தோளும் போகும் உங்கள் இடுப்பும் போகும். அவர் இடுப்பைச் சுற்றி ஒரு கெட்டித் துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்க. நீங்கள் முழங்காலை மடக்கி நில்லுங்க, முதுகை மடக்காதீங்க. முக்கால்வாசி வேலையை அவரே செய்யட்டும், நீங்கள் துணைக்கு மட்டும். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் அவருக்கு இருக்கிற நடையும் போய்விடும்.

உதவி எங்கே கிடைக்கும்? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் சேர்ந்தது. அதில் வீடு வீடாகப் போகிற மகளிர் தன்னார்வலர்களை நம்ம மாதிரிக் குழுக்களில் இருந்துதான் எடுத்தார்கள். உங்கள் ஊரில் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள், வெட்கப்படாமல் கேளுங்க. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் பார்கின்சன் நோயும் ஒன்று. அதனால் மருத்துவச் சான்று வாங்கி அடையாள அட்டைக்கு எழுதிப் போடலாம். தமிழ்நாட்டில் இந்த நோய்க்குப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, 2023-ல் அதை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். எவ்வளவு சதவீதம் பாதிப்பு இருக்க வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு மனு கொடுக்க நாங்கள் கூட வருகிறோம்.

அந்தக் கையெழுத்து விஷயம் என்ன ஆச்சு என்று பின்வரிசையில் கேட்கிறீங்க. உடம்பு முடியாதவர்கள் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிமுறை இருக்கிறது, வங்கிக்குத் தெரிந்த ரெண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்கணும். அந்த அக்காவின் சொந்தக் கணக்குக்கு அதைச் சொல்லிக் கொடுத்தோம். குழுக் கணக்குக்குத் தீர்மானம் போட்டு வேறு பிரதிநிதியை மாற்றினார்கள். அவங்களைக் குழுவை விட்டு எடுக்கணும் என்றும் ஒரு பேச்சு வந்தது. ரொம்ப நேரம் வாக்குவாதம். தாமதமாக வந்ததற்கு அவங்களிடம் வாங்கின அபராதத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 70 ரூபாய். "கால் வராம லேட்டா வந்தவகிட்டயா இத வாங்கினோம்" என்று அவங்களை அதிகமாகத் திட்டின உறுப்பினரே கேட்டாங்க. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது குழுக் கூட்டம் அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. கூட்டம் முடிகிற வரைக்கும் அவங்க திண்ணைத் தூணில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்காங்க. தூங்கிச் சரிந்தால் பக்கத்தில் இருக்கிறவங்க தட்டுவாங்க. கூன் போய்விட்டதா என்றால், போகவில்லை. கூடவில்லை, அவ்வளவுதான். கட்டுப் பிரித்த பிறகு இதுவரைக்கும் விழவில்லை.

நேரமாகிறது, கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கீங்க. ஒரு ஐந்து நிமிஷம் எல்லோரும் எழுந்து அந்தச் சுவர் ஓரமாக வாங்க. சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு முதலில் செய்து பார்த்த அனுபவம் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நில்லுங்க. வீட்டில் இப்படிக் குனிந்து நடக்கிறவர்கள், கையெழுத்து சிறுத்துப் போனவர்கள், ஒரு கை மட்டும் வீசாமல் நடக்கிறவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்க. அடுத்த மாசம் வரும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாங்க.